ஜமைக்காவின் ப்ளூ மவுண்டன் காபி: வாசகர் கேட்டவை

சென்ற இதழில் ஜமைக்காவின் ப்ளூ மவுண்டன் காபியைப் பற்றிப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதினேன். கட்டுரையில் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் கடிதங்கள் வந்திருக்கின்றன. சிலவற்றுக்கு இங்கே பதில்.

ப்ளூ மவுண்டன் என்றால் நீலகிரிதானே? எங்கள் மலையின் பெயரில் வேறு யாரோ விற்கிறார்களா?
(குன்னூர் வாசகர்)

கோபப்பட வேண்டாம். பெயர்ப் பொருத்தம் மட்டும்தான். கரீபியன் கடலில் உள்ள ஜமைக்காத் தீவின் கிழக்கே, தலைநகர் கிங்ஸ்டனுக்குப் பின்புறம் எழுந்து நிற்கும் மலைத்தொடர் அது. பனிமூட்டத்தில் தூரத்துப் பார்வைக்கு நீலமாகத் தெரிவதால் அந்தப் பெயர். உச்சி 2,256 மீட்டர். நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர் என்பதை நினைத்து ஆறுதல் கொள்ளலாம்.

ஜமைக்காவுக்குக் காபிச்செடி எப்படிப் போனது? அங்கேயே விளைந்த செடியா?
(தஞ்சாவூர் வாசகி)

இல்லை. அது உலகம் சுற்றி வந்த செடி. அந்தச் சுற்றில் நம் பக்கத்துக் கரையும் இருக்கிறது என்பதைப் பலர் அறிவதில்லை.

ஏமனிலிருந்து இந்தியாவுக்கு வந்த காபி மலபார்க் கரையில் விளைந்துகொண்டிருந்தது. 1696இலும் 1699இலும் டச்சுக்காரர்கள் அங்கிருந்து ஜாவாவுக்கு எடுத்துப் போனார்கள். ஜாவாவிலிருந்து ஒரு செடி ஆம்ஸ்டர்டாம் தாவரவியல் தோட்டத்துக்குப் போயிற்று. அதன் வாரிசு ஒன்றை 1714இல் பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயிக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். பாரிஸில் கண்ணாடி வீட்டில் வளர்ந்த அந்த வம்சத்திலிருந்து, 1720களின் தொடக்கத்தில் கேப்ரியல் தெ கிளியு என்ற கடற்படை அதிகாரி ஒரு கன்றைக் கரீபியன் கடலில் உள்ள மார்ட்டினிக் தீவுக்குக் கொண்டுபோனார். கப்பலில் குடிநீர் அருகிவிட்டபோது தன் பங்குத் தண்ணீரைக் கன்றுக்கு ஊற்றிக் காப்பாற்றியதாக அவரே பின்னாளில் எழுதிவைத்தார். தன் பெருமையைத் தானே எழுதியவர் என்பதால் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும். ஆனால் கன்று பிழைத்தது உண்மை.

மார்ட்டினிக்கிலிருந்து 1728இல் ஜமைக்காவுக்கு வரவழைத்தவர் சர் நிக்கோலஸ் லாஸ். ஜமைக்காவின் முன்னாள் ஆளுநர். கிங்ஸ்டனுக்கு வடக்கே டெம்பிள் ஹால் என்ற தன் பண்ணையில் நட்டார். டிப்பிக்கா என்று இன்று அழைக்கப்படும் அராபிகா ரகம் அது.

இதற்கு மேல் கதை இனிக்காது. 1791இல் பக்கத்துத் தீவில் இருந்த பிரெஞ்சுக் காலனியில் (இன்றைய ஹெய்ட்டி) அடிமைகள் கிளர்ந்தெழ, அங்கிருந்து தப்பி வந்த பிரெஞ்சுத் தோட்டக்காரர்கள் ஜமைக்கா மலைகளில் காடழித்துக் காபி போட்டார்கள். அவர்களுடைய தொழில்நுட்பம், ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பு. 1814இல் தீவின் ஏற்றுமதி சுமார் 15,000 டன். 1838இல் முழு விடுதலை கிடைத்ததும் மக்கள் பெருந்தோட்டங்களை விட்டு வெளியேறினார்கள். தோட்டங்கள் சரிந்தன. விடுதலை பெற்றவர்கள் மலைச்சரிவில் துண்டு நிலங்களைப் பிடித்துக் காபியும் காய்கறியுமாகப் பயிரிட்டார்கள். இன்றும் ப்ளூ மவுண்டன் விவசாயிகளில் பெரும்பாலோர் சில ஏக்கர்க்காரர்கள்தாம்.

அப்படி என்னதான் ருசி? ஒரு வார்த்தையில் சொல்லுங்கள்.
(மதுரை வாசகர்)

சாந்தம்.

ஒரு வார்த்தை போதாது என்பதால் இன்னும் கொஞ்சம். கசப்பு மிகக் குறைவு. புளிப்பு உண்டு, ஆனால் நாக்கைச் சுண்டாது. வறுத்த பருப்பு, கோகோ வாசனை, அடியில் மெல்லிய இனிப்பு. விழுங்கிய பின் வாய் சுத்தமாக இருக்கும். எந்த ஒன்றும் மற்றதை மிஞ்சாது என்பதுதான் அதன் பெருமை. அதிரடியை எதிர்பார்ப்பவர்களுக்கு இதனாலேயே ஏமாற்றம். எத்தியோப்பியாவின் யிர்காச்செஃபே காபி மல்லிகைப் பந்தல் போல வாசம் வீசும். கென்யாக் காபி திராட்சைச் சாறு போலத் துடிக்கும். என்னைக் கேட்டால், ஒரே ஒரு கோப்பைதான் என்றால் எத்தியோப்பியாவைக் கேட்பேன். நாள் முழுக்க ஒரே காபி என்றால் ஜமைக்கா.

இந்தச் சாந்தத்துக்கு மலைதான் காரணம். காபி அங்கே சுமார் 3,000 அடியிலிருந்து 5,500 அடி வரை பயிராகிறது. எத்தியோப்பியாவிலும் கொலம்பியாவிலும் இதைவிட உயரத்தில் விளைகிறதே என்று கேட்பீர்கள். உயரம் மட்டும் கணக்கல்ல. ஜமைக்கா நிலநடுக்கோட்டிலிருந்து 18 பாகை வடக்கே தள்ளி இருக்கிறது. போதாக்குறைக்கு, பகலின் பாதி நேரம் மேகம் குடை பிடிக்கிறது. ஆகவே குறைந்த உயரத்திலேயே குளிர்ச்சி. பழம் அவசரமில்லாமல் பழுக்கிறது, கொட்டை இறுகுகிறது, சர்க்கரை சேர்கிறது.

கிலோ விலையைக் கேட்டுத் தலை சுற்றியது. ருசிக்கா இந்த விலை, பெயருக்கா?
(சென்னை வாசகர்)

இரண்டுக்கும். மூன்றாவதாகப் புயலுக்கும்.

சரிவு செங்குத்தானது. இயந்திரம் ஏறாது. பழங்கள் ஒரே நாளில் பழுக்காததால் அதே செடிக்குப் பறிக்கும் ஆள் பலமுறை போக வேண்டும். பறித்ததைத் தண்ணீரில் போட்டு மிதப்பதை ஒதுக்கி, தோலுரித்து, ஊறவைத்துக் கழுவிக் களத்தில் உலர்த்துகிறார்கள். அந்தச் சிமெண்ட் களத்துக்கு அவர்கள் ஊரில் 'பார்பெக்யூ' என்று பெயர். கறி சுடும் அடுப்பு என்று நினைத்து ஏமாறாதீர்கள். பிறகு கையால் பொறுக்குகிறார்கள்.

பெயரின் கதை வேறு. 1940களில் தரம் கெட்டுப்போய், வழக்கமாக வாங்கிவந்த கனடா வேண்டாம் என்று கைவிரித்துவிட்டது. அந்த அவமானத்துக்குப் பிறகுதான் 1950இல் காபித் தொழில் வாரியம் வந்தது. செயின்ட் ஆண்ட்ரூ, செயின்ட் தாமஸ், போர்ட்லண்ட், செயின்ட் மேரி ஆகிய மாவட்டங்களில் சட்டம் வரையறுத்த எல்லைக்குள் விளைந்து, உரிமம் பெற்ற ஆலையில் பதப்படுத்தினால் மட்டுமே அந்தப் பெயர் என்ற கறார் அப்போது பிறந்ததுதான். அடுத்து வந்தது ஜப்பான். 1967 ஜனவரி 9 அன்று கிங்ஸ்டனிலிருந்து ஜப்பானுக்குக் கிளம்பிய பெரிய சரக்கின் நினைவாக அந்தத் தேதியை இன்றும் கொண்டாடுகிறார்கள். ஜப்பானின் யூசிசி காபி நிறுவனம் 1981இல் ப்ளூ மவுண்டனில் கிரெய்ட்டன் எஸ்டேட்டையே வாங்கிவிட்டது. விளைச்சலில் பெரும்பங்கு பல ஆண்டுகள் ஒரே நாட்டுக்குப் போனால் மற்றவர்களுக்கு மிஞ்சுவது கொஞ்சம். விலை ஏறாமல் என்ன செய்யும்? இதன் மறுபக்கத்தையும் விவசாயிகள் பார்த்துவிட்டார்கள். 2008 பொருளாதாரச் சரிவில் ஜப்பான் கையைச் சுருக்கியபோது வாங்க ஆளில்லாமல் திண்டாடினார்கள்.

புயலைப் பற்றி: 1988 செப்டம்பரில் கில்பர்ட், 2004இல் ஐவன், 2024 ஜூலையில் பெரில். விழுந்த செடிக்குப் பதில் நட்டது காய்க்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும்.

இது மரப்பீப்பாயில் வருமாமே? பீப்பாயால் ருசி கூடுமா?
(நாகர்கோவில் வாசகர்)

வரும். உலகமே சணல் சாக்கில் அனுப்ப, இவர்கள் 70 கிலோ கொள்ளும் பீப்பாயில் அனுப்புகிறார்கள், சிறிய அளவுகளும் உண்டு. பழைய வழக்கம், நல்ல விளம்பரம். ருசி கூடும் என்பதற்கு என் நாக்கு சாட்சி சொல்லவில்லை.

விமான நிலையக் கடையில் 'ப்ளூ மவுண்டன் பிளெண்ட்' என்று மலிவாகக் கிடைத்தது. வாங்கிவிட்டேன். ஏமாந்தேனா?
(திருச்சி வாசகி)

'பிளெண்ட்' என்ற சொல்லைப் படித்துவிட்டு வாங்கியிருந்தால் ஏமாறவில்லை. கலவை என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். ஜப்பானில் 30 சதவீதம் அசல் இருந்தால் அப்படிப் பெயரிடலாம். மீதி எந்த ஊர்க் காபியாகவும் இருக்கலாம். நம் ஊர்க் காபிப் பொட்டலத்தின் பின்புறம் பொடியெழுத்தில் சிக்கரி எத்தனை சதவீதம் என்று போட்டிருப்பார்கள் அல்லவா, அதைப் படிக்கும் பழக்கம் இருந்தால் இங்கேயும் உதவும். எத்தனை சதவீதம் என்றே போடாத கலவையை நான் தொடுவதில்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. ஜமைக்காச் செடியின் விதை கென்யாவுக்கும் பாப்புவா நியூகினிக்கும் போய், அங்கும் 'ப்ளூ மவுண்டன்' ரகம் என்றே விளைகிறது. செடி அதே செடிதான், மலை அதே மலையல்ல. நல்ல காபியாகவே இருக்கலாம், ஆனால் ஜமைக்கா விலை கொடுக்காதீர்கள்.

ஏற்காட்டில் மூன்று ஏக்கர் இருக்கிறது. இந்த ரகத்தைப் போடலாமா?
(சேலம் வாசகர்)

வேண்டாம். மண்ணுக்கும் குளிருக்கும் குறையில்லை, எதிரி இலைத்துரு நோய். டிப்பிக்காவுக்கு அதைத் தாங்கும் சக்தியே கிடையாது. 1869இல் இலங்கையில் தலைகாட்டிய அந்தப் பூஞ்சை, சில பத்தாண்டுகளுக்குள் கண்டிச் சீமைக் காபியை முழுதாகத் தின்று தீர்த்தது. தமிழகத்திலிருந்து போன கூலித் தொழிலாளர்கள் காபி பறித்த அதே மலைகளில் பிறகு தேயிலை பறித்தார்கள். இந்தியாவிலும் பழைய ரகங்கள் விழுந்தன. கென்ட் ரகம் கொஞ்ச காலம் தாங்கியது. பிறகு கர்நாடகத்தின் பாலெஹொன்னூர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து எஸ்795 வந்தது. 1940களில் வெளியான ரகம், நன்றாகப் பார்த்துக்கொண்டால் ருசியில் யாருக்கும் சளைத்ததல்ல. அதைப் போடுங்கள். நம் பக்கத்துக் கரையிலிருந்து கப்பலேறிய செடிக்கு இன்று நம் மலையில் இடமில்லை என்பது எனக்கும் வருத்தம்தான். ஜமைக்காவிலும் 2012இல் துரு கடுமையாகத் தாக்கியது. அங்கும் மருந்தடித்துத்தான் காப்பாற்றுகிறார்கள்.

உறவினர் 100 கிராம் கொண்டுவந்திருக்கிறார். பில்டரில் போட்டுப் பால் கலக்கலாமா?
(கும்பகோணம் வாசகி)

இதே தவறை நான் செய்திருக்கிறேன். முதல்முறை கிடைத்த பொட்டலத்தை வழக்கம்போல் டிகாக்‌ஷன் இறக்கி, கொதிக்கும் பாலும் சர்க்கரையும் சேர்த்து டபராவில் ஆற்றி அம்மாவிடம் நீட்டினேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "பொடி தீர்ந்துபோயிற்றா?" என்று கேட்டார். சிக்கரியும் பாலும் பழகிய நாக்குக்கு இது ஒன்றுமே இல்லாதது போலத்தான் தோன்றும். அம்மா மேல் குற்றமில்லை.

பால் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம். கொட்டையாக இருந்தால் குடிக்கும்போதே அரையுங்கள். 15 கிராம் பொடிக்கு 240 மில்லி தண்ணீர். கொதி அடங்கி அரை நிமிடம் கழித்து, வடிதாளிலோ மெல்லிய துணியிலோ பொடியை வைத்து மெதுவாக ஊற்றுங்கள். பித்தளை பில்டர்தான் இருக்கிறதென்றால் பாதகமில்லை. ஆனால் சிக்கரி இல்லாத பொடியில் தண்ணீர் மளமளவென்று இறங்கிவிடும் என்பதால் கொஞ்சம் அழுத்தி நிரப்புங்கள், இறங்கியதில் வெந்நீர் சேர்த்து இளக்கிக்கொள்ளுங்கள். சுடச்சுட வாயில் விட வேண்டாம். பாதிச் சூட்டுக்கு வந்த பிறகுதான் அந்தக் கோகோ வாசனை எட்டிப்பார்க்கும்.