எறியக் கை தூக்கினால் மூழ்குவது ஏன்?

கோளாறு கையில் இல்லை தம்பி, காலில். வாட்டர் போலோவில் (நீரில் மிதந்தபடி ஆடும் பந்தாட்டம்) பந்தை எறியத் தூக்கியதும் உங்கள் எஸ்டேட் பையன் மூழ்குகிறான் என்று கேட்டீர்கள். பெரும்பாலும் இரண்டு காலையும் தவளை மாதிரி ஒரே நேரத்தில் உதைக்கிறான். இரண்டு உதைக்கும் நடுவே தாங்க ஒன்றுமில்லை, அங்கேதான் அமிழ்கிறான்.

கால்கள் மாறி மாறிச் சுழல வேண்டும். முதுகு நேராக, நாற்காலியில் உட்கார்ந்ததுபோல் தொடை மேலே, முட்டிகள் அகல விரிந்து. மேலிருந்து பார்த்தால் வலக்கால் இடஞ்சுழி, இடக்கால் வலஞ்சுழி.

இரு கையும் நீருக்கு மேலே வைத்து 30 விநாடி நிற்கச் சொல்லுங்கள். தலை ஏறி இறங்கினால் கால்கள் இன்னும் சேர்ந்தே உதைக்கின்றன. தலை ஆடாமல் நிற்கும்வரை பந்து பையிலேயே இருக்கட்டும்.

மலேசியாவில் உங்கள் சுங்கை சிப்புட் ஊரில் கிடைக்கும் குளம் 1.2 மீட்டர் ஆழம் என்றீர்கள். அதில் இது படியாது, கால் தரை தட்டும். சர்வதேசப் போட்டிக்கே குறைந்தது 1.8 மீட்டர் ஆழம் வேண்டும். முட்டியின் உள்பக்கம் வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.