நட்சத்திரம் பார்த்துச் சம்பளம் வாங்க முடியுமா?

கேள்வி: அக்கா, என் மகள் எச்.எஸ்.சி. படிக்கிறாள். பல்கலைக்கழகத்தில் இயற்பியலும் வானியலும்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். "நட்சத்திரம் பார்த்துச் சம்பளம் வாங்க முடியுமா?" என்று மாமியார் கேட்கிறார். விடலாமா?
- ஒரு தாய், ரோஸ் ஹில், மொரீஷியஸ்

பதில்: தாராளமாக விடுங்கள், தங்கச்சி. ஆனால் அவளுக்குப் பிடித்தது வானமா, வானத்தைப் பற்றிய கணக்கா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். படிப்பில் முக்கால்வாசி கணக்குத்தான்.

எனக்கு அது புரிந்த இடம் பிரா தோ. மாணவியாக இருந்தபோது அங்கே ரேடியோ தொலைநோக்கியைப் பார்க்கப் போனேன். நம் பல்கலைக்கழகமும் பெங்களூரின் இரண்டு ஆராய்ச்சி நிலையங்களும் சேர்ந்து கட்டியது, 1992-ல் திறந்தார்கள். பெரிய கண்ணாடி இருக்கும் என்று நினைத்துப் போனால், காட்டுக்குள் கிழக்கு மேற்காக 2 கிலோமீட்டருக்கு, வானத்து ரேடியோ அலைகளைப் பிடிக்கும் சுருள் கம்பிகள். மொத்தம் 1,024. எல்லாம் தெற்கே 20 பாகை சாய்ந்து நின்றன. வடக்கு வானத்தை இதே அலைவரிசையில் கேம்பிரிட்ஜில் ஏற்கனவே அளந்துவிட்டார்கள். தெற்கு பாக்கி இருந்தது, அதனால்தான் நம் தீவு.

தெற்குப் பக்கம் 880 மீட்டருக்குத் தண்டவாளம். அதில் சில தள்ளுவண்டிகள், வண்டிக்கு நான்கு சுருள். இன்றைக்கு ஓரிடத்தில் நிறுத்திப் பதிவு செய்வது, அப்புறம் கொஞ்சம் நகர்த்தி மறுபடி பதிவு. இப்படிப் பல நாள் சேர்த்த எண்களைக் கணினியில் கோத்தால்தான் ஒரு படம் வரும். முழு நீளத்துக்கும் சுருள் நட வேண்டிய செலவை நாள்கணக்கான பொறுமை ஈடுகட்டியது. அந்தத் தண்டவாளத்துப் பக்கத்தில் நின்றபோதுதான் இந்தப் படிப்பின் மேல் எனக்கு ஆசையே வந்தது.

மாமியாருக்கு: வெறும் இளங்கலையோடு வானியலாளர் வேலை கிடைக்காது, மேற்படிப்பு வேண்டும். அதற்கு வெகுதூரம் போகவேண்டியதில்லை. தென்னாப்பிரிக்காவில் கரூ வறண்ட நிலத்தில் 64 கிண்ண ஆன்டெனாக்கள் கொண்ட மீர்காட் ரேடியோ தொலைநோக்கி 2018-லிருந்து இயங்குகிறது. வானியல் பக்கம் போகாவிட்டாலும் சிக்னல் தொழில்நுட்பம், கணினித் தரவு, ஆசிரியர் வேலை என்று வழி இருக்கிறது. நான் ஆசிரியை ஆனேன், ஒரு நாளும் வருந்தியதில்லை.

சரி, ஒன்று செய்யுங்கள். ஜனவரியில் நிலா இல்லாத ராத்திரி பெல் மார் பக்கம் கூட்டிப்போங்கள். தெற்கே வெறும் கண்ணுக்கே இரண்டு மங்கல் திட்டுகள் தெரியும்: மெகல்லன் மேகங்கள் என்ற குட்டி விண்மீன் மண்டலங்கள். பெரியது சுமார் 1,60,000 ஒளியாண்டு தொலைவு. அது எத்தனை கிலோமீட்டர் என்று, நீங்கள் கேட்காமலே, வீடு திரும்பியதும் நோட்டை எடுக்கிறாளா பாருங்கள்.