குற்றம் ரத்தத்தில் ஓடுகிறதா? கேள்வி பதில்

குற்றவியல் மாணவர்களுக்கு உளவியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன் நான். போன வாரம் கேள்வி அனுப்பச் சொன்னதும் நினைத்ததைவிட நிறையவே வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

சேலத்து ஆசிரியை: அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்கிறோமே சார், முகத்தை வைத்தே திருடனைக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும் என்று சாதித்தவர் இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோசோ. தெற்கு இத்தாலியின் கலாப்ரியா பகுதியைச் சேர்ந்த ஒரு கைதியின் மண்டையோட்டைத் திறந்து பார்த்தபோது, பின்புற உள்பக்கத்தில் மேடு இருக்க வேண்டிய இடத்தில் குழி இருந்ததாம். கீழ்நிலை விலங்குகளுக்கு இருப்பது போன்ற குழி. சரி, குற்றவாளி என்பவன் பரிணாமத்தில் பின்தங்கிப் பிறந்தவன் என்று முடிவு கட்டி 1876இல் புத்தகமும் போட்டுவிட்டார். பெரிய தாடை, விடைத்த காது, நீண்ட கை எல்லாம் அடையாளங்களாகப் பட்டியலில் ஏறின. 1913இல் இங்கிலாந்தின் சிறை மருத்துவர் கோரிங், சுமார் 3,000 கைதிகளின் அளவுகளை மற்றவர்களின் அளவுகளோடு ஒப்பிட்டார். கைதிகள் கொஞ்சம் குள்ளம், எடை குறைவு, அவ்வளவுதான். குற்றவாளி முகம் என்று ஒன்று சிக்கவே இல்லை.

நான் வகுப்பில் ஒரு விளையாட்டு வைப்பேன். பத்துப் பழைய பாஸ்போர்ட் போட்டோக்களை மேசையில் பரப்பி, இதில் கொலைகாரன் யார் என்று கேட்பேன். வருடா வருடம் அதிக ஓட்டு வாங்கியது தாடியும் கலைந்த தலையுமாக முறைக்கிற ஒரு ஆள். அது 22 வயதில் நான்.

உசிலம்பட்டிக்காரர்: இந்த ஆராய்ச்சி எல்லாம் எதற்கு ஐயா? எங்கள் தாத்தா காலத்தில் ஊரையே பிறவிக் குற்றவாளி என்று எழுதி வைத்தார்களே.

உங்கள் கோபம் நியாயம்தான். 1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டத்துக்கு லொம்ப்ரோசோவின் புத்தகம்கூடத் தேவைப்படவில்லை. அது வருவதற்கு முன்பே, குறிப்பிட்ட சில சாதிகளில் பிறந்தாலே குற்றவாளி என்று வெள்ளைக்காரன் சட்டம் போட்டுவிட்டான். 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டினார்கள். நம் ஆட்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றார்கள். ரேகையைப் பதிய மறுத்து எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் 16 பேர் செத்தார்கள். நம் மாகாணத்தில் 1947இல்தான் அந்தச் சட்டம் ஒழிந்தது. பரம்பரை என்ற சொல்லை வைத்துக்கொண்டு யாராவது குற்றத்தை விளக்க வந்தால் முதலில் சந்தேகப்படுகிற பழக்கம் எனக்கும் அங்கிருந்துதான் வந்தது.

மதுரை வாசகர்: ஒரு ஒய் குரோமோசோம் கூடுதலாக இருந்தால் கொலைகாரன் ஆவான் என்று எப்போதோ படித்தேன்.

1960களின் பரபரப்பு அது. சிகாகோவில் 8 செவிலியர் மாணவிகளைக் கொன்ற ரிச்சர்ட் ஸ்பெக்குக்கு அந்தக் கூடுதல் ஒய் இருப்பதாகப் பத்திரிகைகள் எழுதின. பரிசோதித்தால் இல்லை. 1976இல் டென்மார்க்கில் உயரமான ஆண்கள் 4,139 பேரின் குரோமோசோமைப் பார்த்ததில் 12 பேருக்குத்தான் அது இருந்தது. தண்டனை பெற்றவர்கள் அவர்களில் கூடுதல்தான், ஆனால் பெரும்பாலும் சில்லறைக் குற்றங்கள். வன்முறை அதிகமில்லை.

பொறியாளர், சென்னை: அப்படியென்றால் உடம்புக்கும் குற்றத்துக்கும் சம்பந்தமே இல்லையா? ‘போர்வீரன் மரபணு’ என்கிறார்களே?

இருக்கிறது. எனக்குத் தூக்கம் கெடுத்த ஒரு நோயாளி அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இருந்தார். சுமார் 40 வயது பள்ளி ஆசிரியர். அதுவரை ஒழுங்காக இருந்தவருக்குத் திடீரென்று குழந்தைகள் மீது முறையற்ற நாட்டம் வந்து, வழக்காகி, சிறைக்குப் போக இருந்த நேரத்தில் தாங்க முடியாத தலைவலி. ஸ்கேன் எடுத்தால் மூளையின் முன்பகுதியில் முட்டை அளவுக்குக் கட்டி. அதை எடுத்ததும் நாட்டமும் போய்விட்டது. சில மாதம் கழித்துத் தலைவலியோடு நாட்டமும் திரும்பியது. பார்த்தால் கட்டி மறுபடி வளர்ந்திருந்தது. மறுபடி அறுத்தார்கள், மறுபடி சரியானார். செய்வது தப்பு என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது, நிறுத்தத்தான் முடியவில்லை. ஆனால் இவ்வளவு பளிச்சென்று காரணம் காட்டும் வழக்கு அபூர்வம்.

மரபணு விஷயம் இன்னும் சிக்கல். மூளையின் சில ரசாயனங்களைச் சிதைக்கும் நொதியை உண்டாக்குவது எம்.ஏ.ஓ.ஏ. என்ற அந்த மரபணு. அதன் வேகம் குறைந்த வகை ஆண்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு இருக்கிறது. நம் தெருவிலேயே எண்ணிப் பாருங்கள், எத்தனை போர்வீரர்கள்! நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1,037 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து பின்தொடர்ந்து 2002இல் முடிவு சொன்னார்கள். அந்த வகையும் இருந்து, சிறுவயதில் அடி உதை, கொடுமையும் பட்டவர்கள் ஆண்களில் 12 சதவீதம். வன்முறைக்கான தண்டனைகளில் 44 சதவீதம் அவர்கள் கணக்கில். கொடுமைப்படாமல் வளர்ந்தவர்களிடம் அந்த மரபணு இருந்தும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனாலும் 2009இல் இத்தாலியில் ஒரு நீதிமன்றம் இதையும் கணக்கில் எடுத்துக் கொலைகாரர் ஒருவரின் தண்டனையில் ஒரு வருடம் குறைத்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

சட்டக் கல்லூரி மாணவி, கோவை: கட்சிக்காரர் சைக்கோ என்று சான்றிதழ் வாங்கினால் விடுதலை கிடைக்குமா சார்?

தமிழ் சினிமா இரண்டு ஆட்களை ஒரே ‘சைக்கோ’வாக்கிவிட்டது. இல்லாத குரல் காதில் கேட்பவருக்கு இருப்பது மனச்சிதைவு போன்ற நோய். அவர்களில் பெரும்பாலோர் யாரையும் தொடுவதில்லை. மற்றவன் தெளிவானவன், குற்ற உணர்ச்சிதான் கிடையாது. அவனை அளக்கக் கனடாவின் உளவியலாளர் ராபர்ட் ஹேர் 20 அம்சப் பட்டியல் போட்டார். மொத்தம் 40 மதிப்பெண், 30ஐ எட்டினால் சைக்கோபாத். நம் சட்டம் (பழைய ஐ.பி.சி. 84, இப்போது பி.என்.எஸ். எனும் பாரதிய நியாய சன்ஹிதா 22) கேட்பது ஒன்றுதான்: செய்த நேரத்தில், மனநலக் கேட்டினால், என்ன செய்கிறோம் என்றோ அது தப்பு என்றோ அறியும் திறன் இல்லாமல் இருந்தாரா? முதல் ஆளுக்குச் சிலசமயம் அது பொருந்தும். இரண்டாவது ஆளுக்கு 40க்கு 40 வாங்கினாலும் பொருந்தாது.

அதே மாணவி: மூளையைச் சோதித்துப் பொய்யைப் பிடிக்கலாமா?

சம்மதமில்லாமல் கூடாது என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மருந்து கொடுத்து அரைமயக்கத்தில் பேசவைக்கும் நார்கோ சோதனைக்கும் அதேதான்.

ஒரு அம்மா, திருச்சி: 15 வயது மகன் என் பர்ஸிலிருந்து 2,000 ரூபாய் எடுத்துவிட்டான். எட்டாவது வரை வாயே திறக்க மாட்டான், இப்போது எதிர்த்துப் பேசுகிறான். மாமனார் அடிதடி கேஸில் ஜெயிலுக்குப் போனவர். “அவர் ரத்தம்” என்கிறார் மாமியார். அவன் அப்பா பெல்ட்டால் அடித்தும் பார்த்துவிட்டார்.

அம்மா, டென்மார்க்கில் இதையே சோதித்தார்கள். பெற்றவர் ஒருவர், வளர்த்தவர் வேறொருவர் என்றிருந்த 14,427 தத்துப் பிள்ளைகளின் நீதிமன்றப் பதிவுகளைப் பார்த்து 1984இல் வெளியிட்டார்கள். இரு பக்கமும் தண்டனை பெற்றவர் இல்லாத மகன்களில் 13.5 சதவீதம் பேர் தண்டனை பெற்றார்கள். பெற்றவர் பக்கம் மட்டும் இருந்தால் 20, இரு பக்கமும் இருந்தால் 24.5. ரத்தத்துக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த 20ஐத் திருப்பி மாமியாரிடம் படித்துக் காட்டுங்கள், 100 மகன்களில் 80 பேர் தண்டனை வாங்கவில்லை. அப்புறம், இந்தத் தொடர்பு தெரிந்தது திருட்டு மாதிரியான குற்றங்களில்தான், அடிதடியில் இல்லை. உங்கள் மாமனார் போனது அடிதடிக்கு.

டெர்ரி மோஃபிட் என்ற உளவியலாளர் 1993இல் தப்புச் செய்கிறவர்களை இரண்டு வகையாகப் பிரித்தார். மூன்று, நான்கு வயதிலேயே தொடங்கி ஆயுசு முழுக்க விடாதவர்கள் கொஞ்சம் பேர். மீசை முளைக்கும்போது தொடங்கி, வேலை, குடும்பம் என்று ஆனதும் விட்டுவிடுகிறவர்கள்தான் மிச்சம் பேர். எட்டாவது வரை வாய் திறக்காத பையன் எந்தப் பக்கம் என்று உங்களுக்கே தெரியும். பெல்ட்டை மட்டும் அப்பாவிடமிருந்து முதலில் வாங்கி வையுங்கள். டனீடின் கணக்கை மேலே படித்தீர்கள் அல்லவா.

எவ்வளவு போனது, யார் அடித்தது, மாமியார் என்ன சொன்னார் எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். எதற்கு எடுத்தான் என்பது மட்டும் இல்லை. அவனிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.