கோடையில் பின்தங்கும் மணிக்கூண்டு

கேள்வி: எங்கள் நகராட்சிக் கட்டடத்தின் உச்சியில் நான்கு முகக் கடிகாரம், சாவி கொடுத்து ஓடும் பழைய இயந்திரம். ஊசல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக ஒன்றரை வினாடி. இரும்புத் தண்டு, குண்டு சுமார் 100 கிலோ. மார்கழியில் சரியாக ஓடுகிறது. சித்திரையில் வாரத்துக்கு அரை நிமிடம் பின்தங்குகிறது. மோட்டார் மாட்டிவிடலாமா?

பதில்: வேண்டாம். இது பழுதே இல்லை, வெயில். வெப்பம் 10 டிகிரி கூடினால் இரும்புத் தண்டு நீண்டு, நாளுக்கு 5 வினாடி இழக்கும்; வாரத்துக்கு 35. உங்கள் கணக்கும் கிட்டத்தட்ட அதேதான்.

ஆனால் ஒன்றை முதலில் பாருங்கள். இயந்திரத்திலேயே நேரம் வைப்பதற்கென்று ஒரு சின்ன முகம் இருக்கும். அது சரியாகக் காட்டி, வெளி முள் மட்டும் பிந்தினாலோ, நான்கு முகமும் நான்கு நேரம் காட்டினாலோ ஊசலைத் தொடாதீர்கள். முள்ளின் நட்டோ, அதற்குப் போகும் பல்சக்கரத்தின் ஆணியோ தளர்ந்திருக்கும்.

குண்டை ஏற்றி இறக்க அதன் கீழுள்ள நட்டைத் திருகத்தான் எல்லாருக்கும் கை போகும். உங்கள் ஊசலின் நீளம் கணக்குப்படி 2.24 மீட்டர், அதில் ஒரு மில்லிமீட்டர் மாறினாலே நாளுக்கு 19 வினாடி. உங்களுக்குத் தேவை கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. தண்டைப் பிடிக்காமல் திருகினால், மேலே ஊசலைத் தாங்கும் மெல்லிய எஃகுத் தகடு முறுக்கிக்கொள்ளும். சித்திரையில் ஏற்றியதை மார்கழியில் இறக்கவும் வேண்டும்.

எடை வைப்பதே நல்லது. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் 1859 முதல் ஓடும் பெரிய கடிகாரத்தையே ஊசல்மேல் பழைய பென்னிக் காசு வைத்துத்தான் திருத்துகிறார்கள். ஒரு காசுக்கு நாளுக்கு 0.4 வினாடி வேகம் கூடும். உங்கள் தண்டின் நடுவில் சின்னத் தட்டு ஒன்றை இறுக்கி, 40 கிராம் பித்தளை வாஷர் வையுங்கள். நாளுக்கு 4 வினாடிக்குச் சற்று மேல் கிடைக்கும். தட்டின் எடையும் வேகத்தைக் கூட்டும் என்பதால், அதை மாட்டியபின் மட்டும் நட்டை ஒருமுறை சரிசெய்துகொள்ளுங்கள். நடுவில்தான் எடைக்கு அதிக பலன். மேலோ கீழோ போகப் போகக் குறையும். ஊசல் ஆடும்போதே மெதுவாக வைக்கலாம். ஒரு வாரம் பார்த்து 5, 10 கிராமாகக் கூட்டிக் குறையுங்கள். வெயில் தணிந்ததும் எடுத்துவிடுங்கள்.

சாவி கொடுக்க ஆளில்லை என்பதுதான் கவலையென்றால், கடிகாரத்தை ஓட்டும் எடைக்கல்லை மட்டும் தூக்கும் மோட்டார் போதும். ஊசல் அப்படியே இருக்கட்டும். முள்ளை நேராகச் சுற்றும் சாதாரண மோட்டார் கரண்ட் போனால் நின்றுவிடும், திரும்ப வந்ததும் தவறான நேரத்திலிருந்தே ஓடும். எது செய்தாலும், எடைக்கல் தொங்கும் கம்பி வடத்தில் இழை அறுந்திருக்கிறதா என்று பார்க்காமல் அதன் கீழே யாரையும் நிற்கவிடாதீர்கள்.