பழைய வீடியோ கேசட்டில் டெலிடெக்ஸ்ட் பக்கங்கள் மிஞ்சியிருக்குமா?

கேள்வி: லண்டனில் வசிக்கிறேன். அப்பா 1990களில் பதிவு செய்த விஎச்எஸ் கேசட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. பெரும்பாலும் பிபிசி நாடகங்கள், சேனல் 4இல் வந்த படங்கள். அவற்றுக்குள் அந்தக் கால டெலிடெக்ஸ்ட், அதாவது டிவி ஒளிபரப்போடு சேர்ந்து வந்த எழுத்துப் பக்கங்கள், ஒளிந்திருக்கும் என்கிறான் தம்பி: பிபிசியின் டெலிடெக்ஸ்ட் சேவையான சீஃபாக்ஸின் பக்கங்களும், கட்டம் கட்டமாக வரைந்த படங்களும். கேசட்டை ஓடவிட்டு டிவியில் டெக்ஸ்ட் பொத்தானை அழுத்தினால் எனக்குக் குப்பையாகத்தான் தெரிகிறது. பக்கத்துக் கடையில் எல்லாவற்றையும் பென் டிரைவில் ஏற்றித் தருவதாகவும், கேசட்டுகளை அவர்களே அப்புறப்படுத்திவிடுவதாகவும் சொல்கிறார்கள். கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். தம்பி சொல்வது சரி. கடைக்காரர் தரும் பென் டிரைவில் நாடகம் இருக்கும், டெலிடெக்ஸ்ட் இருக்காது. கேசட்டும் குப்பைக்குப் போய்விட்டால் அப்புறம் யாராலும் மீட்க முடியாது.

காரணம் இதுதான். பிரிட்டனில் அன்று ஒளிபரப்பான படம் 625 கோடுகளால் ஆனது. அதில் படமாகத் தெரிபவை 576. மிச்சம் திரைக்கு மேலே, கண்ணில் படாமல் ஓடும். 1974 செப்டம்பரில் பிபிசி சீஃபாக்ஸைத் தொடங்கியபோது, சும்மா கிடந்த அந்தக் கோடுகளில் சிலவற்றில்தான் எழுத்துகளை ஏற்றி அனுப்பியது. டிவிப் பெட்டி அதைப் பிரித்தெடுத்து, வரிக்கு 40 எழுத்து கொண்ட பக்கமாகக் காட்டியது. அப்பா நாடகத்தைப் பதிவு செய்தபோது அவருக்கே தெரியாமல் விசிஆர் இந்தக் கோடுகளையும் டேப்பில் இறக்கிவிட்டது. கடைக்காரரின் கருவி தெரிகிற 576ஐ மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறது.

சரி, டிவியில் ஏன் குப்பையாகத் தெரிகிறது? டெலிடெக்ஸ்ட் நொடிக்கு ஏறத்தாழ 69 லட்சம் பிட் வேகத்தில் ஓடுவது. சாதாரண விஎச்எஸ் டேப்பால் அவ்வளவு நுணுக்கமாகப் பதிய முடியாது. பிட்டுகள் ஒன்றோடொன்று ஈஷிக்கொள்ளும். டிவிப் பெட்டி அதைப் படிக்கத் திணறித் தப்புத் தப்பாக எழுத்துகளைக் கொட்டுகிறது. ஆனால் ஈஷிக்கொண்டது வேறு, அழிந்தது வேறு. ‘விஎச்எஸ்-டெலிடெக்ஸ்ட்’ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. எந்தப் பிட் வரிசை ஈஷினால் இப்படி ஆகும் என்று அது பின்னோக்கிக் கணிக்கிறது. ஒரே பக்கம் திரும்பத் திரும்ப ஒளிபரப்பாகும் என்பதால், கிடைத்த பிரதிகளை எல்லாம் அடுக்கி, எந்த எழுத்து அதிகம் வருகிறதோ அதை எடுத்துக்கொள்கிறது.

ஓர் உதாரணம். சீஃபாக்ஸில் கிரிக்கெட் 340ஆம் பக்கம். 1996 மார்ச் 17 அன்று லாகூரில் இலங்கை உலகக் கோப்பையை வென்றது. அன்று மாலை அப்பா பிபிசியில் ஏதோ ஒரு நாடகத்தைப் பதிவு செய்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரவிந்த டி சில்வா அடித்த 107 அந்த நாடகத்தின் தலைக்கு மேலே போயிருக்கலாம். ஒரு சுற்றில் அது ‘1?7’ என்று வரும். அடுத்த சுற்றில் நடு எழுத்து தேறி, முதல் எழுத்து கெட்டிருக்கும். இருபது முப்பது சுற்றுகளைச் சேர்த்தால் 107 முழுதாக வந்துவிடும்.

இதனால்தான் டேப்பின் நீளம் முக்கியம். நாடகம் முடிந்த பிறகு அணைக்க மறந்து ஓடிய அரை மணி நேரம், விளம்பரம், வானிலை எல்லாம் நமக்கு வேண்டும். கடைக்காரர்கள் முதலில் வெட்டி எறிவது அதைத்தான், அதுவும் ஏதோ நமக்கு உபகாரம் செய்வதுபோல.

கடைக்காரர்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு நிறுத்த வராது. ‘செயற்கை நுண்ணறிவால் 4கே தரம்’ என்பார்கள். இல்லாத கோட்டை 4கே ஆக்கினாலும் அது இல்லாத கோடுதான். ‘ஸ்டுடியோ தரக் கருவி வைத்திருக்கிறோம்’ என்பவரிடம் இன்னும் உஷாராக இருங்கள். படத்தை ஆடாமல் நிறுத்தும் டைம் பேஸ் கரெக்டர்களில் பல, மேல் கோடுகளைத் துடைத்துவிட்டுத்தான் படத்தை வெளியே விடும். விலை கூடிய கருவி, ஆனால் நம் வேலைக்கு ஆகாது. இன்னொரு கூட்டம் உண்டு. கேசட்டுகளை வாங்கி, வேறு ஊருக்கு மொத்தமாக அனுப்பி, நடுவில் கமிஷன் பார்க்கும் கூட்டம். உங்கள் டேப் யார் கையில் இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது. யாரிடம் போனாலும் ஒன்றைக் கேளுங்கள்: “படத்துக்கு மேலே இருக்கும் விபிஐ கோடுகளையும் பதிவு செய்வீர்களா?” முழித்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

ஒரு விதிவிலக்கைக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இதில்தான் குழம்புகிறார்கள். நிகழ்ச்சி இல்லாத நேரங்களில் பிபிசி, சீஃபாக்ஸ் பக்கங்களையே பின்னணி இசையோடு நிகழ்ச்சியாக ஒளிபரப்பியது. ‘பேஜஸ் ஃப்ரம் சீஃபாக்ஸ்’ என்று பெயர். டெக்ஸ்ட் வசதி இல்லாத டிவியிலும் அது தெரியும், ஏனென்றால் அங்கே பக்கம் என்பதே படம். 2012 அக்டோபர் 22 காலை வரை பிபிசி 2இல் அது ஓடியது. அப்பாவின் டேப் ஒன்றில் விடிகாலையில் இசையோடு சீஃபாக்ஸ் பக்கங்கள் தானாக மாறிக்கொண்டிருந்தால் அது இதுதான். இதைக் கடைக்காரரே எடுத்துத் தரலாம், பென் டிரைவில் நன்றாகவே தெரியும். ஆனால் இதைப் பார்த்துவிட்டு ‘பார்த்தீர்களா, டெலிடெக்ஸ்ட் வந்துவிட்டதே’ என்று அவர் சொன்னால் நம்பாதீர்கள். வந்தது பிபிசி பொறுக்கிக் காட்டிய சில பக்கங்கள் மட்டும். அதே நிமிடம் அதே டேப்பின் மேல் கோடுகளில் நூற்றுக்கணக்கான பக்கங்கள் போய்க்கொண்டிருந்தன. ஆகவே அந்த டேப்பையும் தூக்கிப் போடாதீர்கள்.

தம்பி சொன்ன படங்களைப் பற்றி. சேனல் 4 கேசட்டுகளைத் தனியாக எடுத்து வையுங்கள். 1993 முதல் 2003 வரை அந்தச் சேனலின் டெலிடெக்ஸ்டில் ‘டிஜிடைசர்’ என்ற வீடியோ கேம் இதழ் வந்தது. அதன் கிறுக்குத்தனமான படங்களுக்கு இன்றும் ரசிகர்கள் இருக்கிறார்கள். டெலிடெக்ஸ்டில் ஓர் எழுத்தின் இடத்தை இரண்டுக்கு மூன்றாக ஆறு கட்டமாகப் பிரித்துத்தான் வரைய வேண்டும். கறுப்பும் ஏழு நிறங்களும் மட்டும். நிறம் மாற்றும் குறியீடே ஓர் எழுத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டு, சாதாரணமாக அங்கே ஒரு கறுப்புப் பொத்தலை விட்டுவிடும். அந்தப் பொத்தலை மீசையின் நிழலிலோ இரண்டு விரல்களுக்கு நடுவிலோ மறைப்பதுதான் வரைபவரின் கெட்டிக்காரத்தனம். திரையைப் போட்டோ எடுத்தால் இந்தக் குறியீடு எங்கே இருக்கிறது என்று தெரியாது. டேப்பிலிருந்து தரவாக மீட்டால் ஒவ்வொரு குறியீடும் அதனதன் இடத்தில் கிடைக்கும், அந்தப் பக்கத்தை மறுபடி ஒரு பழைய டிவியில் ஓட்டவும் முடியும். ஹெல்சின்கியின் ஃபிக்ஸ்சி குழு 2012இல் தொடங்கிய டெலிடெக்ஸ்ட் ஓவிய விழாவின் படைப்புகள் ஜெர்மனியின் ஏஆர்டி தொலைக்காட்சியின் டெலிடெக்ஸ்டிலேயே ஒளிபரப்பாயின. அதனால் இதைச் செத்துப்போன கலை என்று நினைக்க வேண்டாம்.

இவ்வளவையும் தனி ஆட்கள் வீட்டுக் கேசட்டிலிருந்து சுரண்டி எடுக்க வேண்டியிருக்கிறதே என்று எனக்கு எரிச்சல்தான். புதிய செய்தி வந்தால் பழைய பக்கத்தின் மேலேயே எழுதுவதுதான் அன்றைய நடைமுறை. நிகழ்ச்சிகளைக் காத்தவர்கள் எழுத்தை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. இன்றைக்கும் காப்பகங்களுக்கு டிஜிட்டலாக்கும் டெண்டர் எழுதுகிறவர்கள் படம், ஒலி என்று இரண்டு வரியோடு முடித்துவிடுகிறார்கள். மேல் கோடுகளைப் பற்றி ஒரு காப்பகத்தில் நான் கேட்டதற்கு, படிவத்தில் அதற்கான கட்டம் இல்லை என்று பதில் வந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. கேசட்டுகளைக் காய்ந்த இடத்தில் நிற்கவைத்து அடுக்குங்கள். சோதித்துப் பார்க்கிறேன் என்று அடிக்கடி ஓட்டாதீர்கள். பூஞ்சை பிடித்ததை விசிஆரில் போடவே போடாதீர்கள், ஹெட் வழியாக அடுத்த டேப்புக்கும் பரவும். தம்பிக்குக் கணினி கைவந்தது என்றால், பிடி878 சிப் உள்ள பழைய பிசிஐ டிவி கார்டு (கணினிக்குள் செருகி டிவிப் படத்தைப் பதிவு செய்யும் அட்டை) ஒன்றைத் தேடச் சொல்லுங்கள். ஹாப்பாக் நிறுவனத்தின் பழைய வின்டிவி கார்டுகள் பலவற்றில் அது இருந்தது. பிசிஐ துளை உள்ள பழைய மேசைக் கணினியில் செருகி, லினக்ஸ் ஏற்றி, விசிஆரிலிருந்து நேராக ஒரு வீடியோ கேபிள் கொடுத்தால் போதும். இதே கார்டை ‘ரெட்ரோ’ என்று பெயர் வைத்து அநியாய விலைக்கு விற்கிறார்கள், பொறுத்து வாங்கட்டும். வீடியோவைக் கணினியில் ஏற்ற விற்கும் மலிவான யுஎஸ்பி குச்சிகள் வேண்டாம், பெரும்பாலானவை மேல் கோடுகளைத் தருவதில்லை. மீட்ட பக்கங்களோடு மூலப் பதிவையும் சேமிக்கச் சொல்லுங்கள். மென்பொருள் மேம்பட்டால், டேப்பைத் தொடாமலே இன்னொரு முறை பிழிந்து பார்க்கலாம்.

நாடகத்தைப் பென் டிரைவில் பார்க்க ஆசை என்றால் அதற்குக் கடைக்குக் கொடுங்கள், தப்பில்லை. ஆனால் கேசட்டுகளை எண்ணிக் கொடுத்து, எண்ணித் திரும்ப வாங்குங்கள். ‘அப்புறப்படுத்தலாம்’ என்ற கட்டத்தில் மட்டும் டிக் போடாதீர்கள்.