ஆற்றில் ஓட்டிய பழைய மரப் படகு மலிவாகக் கிடைக்கிறது: தட்டை அடி, இரண்டு முனையும் மேலே தூக்கல், பிளைவுட். வாங்கிப் புதுப்பிப்பது முட்டாள்தனமா?

ஊர் எது என்று நீங்கள் சொல்லவில்லை. ஆனால் தட்டை அடி, இரண்டு முனையும் மேலே தூக்கல், பிளைவுட் என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் அமெரிக்காவில் எங்கள் ஓரிகன் மாநிலத்து மெக்கென்சி ஆற்றில் ஓட்டும் மெக்கென்சி டிரிஃப்ட் போட் என்றே தோன்றுகிறது. உங்கள் கராஜில் இடம் இருக்கிறது, வீட்டில் நீங்கள் இன்னும் சொல்லவில்லை. இதுவும் என் ஊகம்தான், ஏனென்றால் நான் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

வாங்குங்கள். ஆனால் முதல் மாதம் உப்புத்தாளைக் கையில் எடுக்காதீர்கள். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

2020 செப்டம்பரில் மெக்கென்சி பள்ளத்தாக்கில் ஹாலிடே ஃபார்ம் காட்டுத்தீ 1,73,000 ஏக்கருக்கு மேல் எரித்துவிட்டுப் போனது. அதில் வீட்டை இழந்த ஒரு வயதான அம்மா, மிஞ்சிய சாமான்களைக் கொடுத்துவிட்டு மகள் வீட்டுக்குப் போகிறார் என்று அடுத்த வசந்தத்தில் ஒரு நண்பர் சொன்னார். போய்ப் பார்த்தேன். தீ எப்படியோ தொடாமல் விட்ட ஒரு மூலையில், பிளாக்பெர்ரி முள்ளுக்குள் பதினாறு அடிப் படகு கிடந்தது. அவர் கணவர் ஆற்றில் மீன் பிடிக்க வருகிறவர்களை அழைத்துப் போகும் கைடாக இருந்தவர். படகு வாங்கிய ரசீது, பழைய படங்கள் எல்லாம் வீட்டோடு சாம்பல். யார் செய்த படகு என்று அந்த அம்மாவுக்கு நினைவில்லை.

அது ஏன் முக்கியம் என்று கேட்பீர்கள். அந்த ஆற்றுக்கென்றே ஊர்க்காரர்கள் உருவாக்கிய படகு இது. அவர்களில் ஒருவர், ஸ்பிரிங்ஃபீல்டில் படகு செய்த வுடி ஹிண்ட்மன். டாம் கார்ஹஸ் என்பவரிடம் தொழில் பழகியவர். தொட்டில் மாதிரி அடியை வளைத்து, நடுப்பகுதி மட்டும் தண்ணீரில் நன்றாகப் படியும்படி செய்தார்கள். ஒரு துடுப்பு இழுப்பில் படகு சட்டென்று திரும்பும். ஓட்டுபவர் பாறையைப் பார்த்தபடி உட்கார்ந்து, ஓட்டத்துக்கு எதிராகப் பின்னால் இழுத்து வேகத்தைக் குறைப்பார். இங்கே வேகமாகப் போவது திறமை இல்லை, மெதுவாகப் போவதுதான். 1934-இல் வாஷிங்டன் மாநிலத்து அபர்தீனில் தண்ணீருக்குப் பிரியாத பிளைவுட் பசை வந்த பிறகுதான் இவ்வளவு லேசான படகு சாத்தியமானது. 1962-இல் மார்ட்டின் லிட்டன் என்ற படகோட்டி இந்த வடிவத்தைக் கொலராடோ ஆறு பாயும் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்கே கொண்டுபோனார். (எனக்குப் படகு என்றால் அதுவரை ஒகேனக்கல் பரிசல்தான். அது தானாகச் சுற்றும். இது நாம் சொன்னால் சுற்றும்.)

சரி, என் படகு. பல வருஷம் வாய் மேலே பார்க்கப் போட்டிருந்ததால் மழைத் தண்ணீர் தேங்கி நின்றிருக்கிறது. உப்புத் தண்ணீரை மரம் ஓரளவு தாங்கும்; தேங்கிய மழைத் தண்ணீரில் மக்கிவிடும். அடியும் பக்கமும் சேரும் மூலையில் ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் வெந்த மரவள்ளிக் கிழங்கில் இறங்குவது போல் இறங்கியது. அடிப்பலகை போச்சு. பக்கங்களும் பெரும்பாலான விலாச் சட்டங்களும் நன்றாக இருந்தன.

அங்கேதான் ஆர்வக்கோளாறு. சனிக்கிழமை காலை சாண்டர் மெஷின் வாங்கினேன், மதியத்துக்குள் உள்பக்கம் பாதி வெளுத்துவிட்டது. பின்பக்கம் ஒரு விலாச் சட்டத்தில், சாம்பல் நிறப் பெயின்டுக்கு அடியில், ஏதோ கறுப்புக் கோடுகள் தெரிந்தன. அழுக்கு என்று நினைத்து அழுத்தித் தேய்த்தேன். துடைத்துப் பார்த்தபோது மிச்சம் இருந்தது பென்சிலில் ஒரு "5", அதற்கு முன்னால் ஏதோ ஓர் எழுத்தின் வால். அவ்வளவுதான். பெயரா, ஆண்டா, அளவா, இனி யாருக்கும் தெரியாது. காகிதங்களைத் தீ எடுத்துக்கொண்டது, மீதியை நான் எடுத்தேன்.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆற்றுக் கைடு ஒருவர் இருக்கிறார். வந்தார், கண்ணாடியைப் போட்டார், அந்த "5"-ஐப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார், ஒன்றும் பேசாமல் வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் ஒரு டார்ச் லைட்டோடு வந்தார். எதைத் தொடும் முன்னும் இருட்டில் பக்கவாட்டாக வெளிச்சம் அடித்துப் பார், பென்சில் அழுத்தமும் உளிக்கீறலும் நிழல் விழுந்து தெரியும் என்றார். அப்படிப் பார்த்ததில் மற்ற சட்டங்களில் வரிசை எண்கள் கிடைத்தன. அவற்றைப் படம் எடுத்துவிட்டுத்தான் வேலையைத் தொடர்ந்தேன். இன்றைக்கும் படகைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "ஹிண்ட்மன் படகா?" தெரியாது என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

இன்னொன்று. அமெரிக்காவில் வீட்டுப் பெயின்டில் ஈயத்தைத் தடை செய்தது 1978-இல். அதற்கு முந்தைய பெயின்ட் என்றால் ஈயம் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள், சோதிக்காமல் தேய்க்காதீர்கள். தேய்த்தபோது நான் போட்டிருந்த மாஸ்க் ஈயத் தூசிக்கு ஏற்றதே இல்லை.

அடிப்பலகையைக் கழற்றும் முன் குறுக்குச் சட்டங்கள் அடித்துப் பக்கங்களைப் பூட்டுங்கள். இல்லாவிட்டால் விரிந்துவிடும், பழைய வளைவு திரும்பி வராது. நான் முன்னிருந்து பின்வரை நூல் கட்டி, ஒவ்வொரு சட்டத்திலும் உயரமும் அகலமும் எழுதி வைத்த பிறகே கழற்றினேன். பதினாறு அடிக்கு ஒரே பலகை கிடைக்காமல் இரண்டைச் சரிவாகச் சீவி ஒட்டினேன். சரிவின் நீளம் பலகைத் தடிமனைப் போல் எட்டு மடங்கு: அரை அங்குலப் பலகைக்கு நாலு அங்குலம். இதில் இரண்டு பலகை வீணாயிற்று. அதைப் பற்றி எழுத மனமில்லை.

அடியில் ஃபைபர் கிளாஸும் எபாக்சிப் பசையும் போட்டேன். உடனே "சரித்திரத்தைப் பிளாஸ்டிக்கில் பொதிந்துவிட்டாய்" என்று எழுத ஒரு கூட்டம் வரும். தெரியும் சார். மியூசியத்தில் வைக்கும் படகென்றால் நானும் தொட்டிருக்க மாட்டேன். இது பாறையில் உரசப்போகிற படகு. பக்கங்களுக்குப் பழையபடி ஆளி விதை எண்ணெய்தான். கிராண்ட் கேன்யனில் எமரால்ட் மைல் என்ற படகு நொறுங்கிப்போனபோது கென்டன் குருவா என்ற ஆற்றுக் கைடு அதை எடுத்துச் சரிசெய்தார். 1983 வெள்ளத்தில் அதே படகில் அவரும் இன்னும் இருவரும் 277 மைலை 36 மணி 38 நிமிடத்தில் கடந்தார்கள். அதில் எத்தனை பலகை பழசு என்று யாரும் எண்ணவில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடியிருப்புச் சங்கத்திலிருந்து இந்தப் படகுக்காக மூன்று கடிதம் வந்தது. தார்ப்பாய் நீலமாக இருக்கிறதாம், மண் நிறத்தில் இருக்க வேண்டுமாம். எதிர் வீட்டு வாசலில் பஸ் சைஸுக்கு ஒரு வண்டி மூன்று வருஷமாக நிற்கிறது. அதற்குக் கடிதம் இல்லை. ஊரிலிருந்து வீடியோ காலில் சித்தப்பா வேறு: "எஞ்சினியருக்குப் படிச்சிட்டு ஆசாரி வேலையாடா?" ஆசாரி வேலை தெரிந்திருந்தால் அந்த "5"-க்கு முன்னால் இருந்ததைத் தொட்டிருப்பேனா சித்தப்பா?

செலவைக் கேட்காதீர்கள். நல்ல நிலையில் இருக்கும் பழைய அலுமினியப் படகையே அந்தப் பணத்தில் வாங்கியிருக்கலாம், அது எனக்கும் தெரியும், என் மனைவிக்கும் தெரியும்.

நீங்கள் பார்த்த படகின் மூலைகளையும் சட்டங்களின் பின்பக்கத்தையும் படம் எடுத்துக் கீழே கருத்துப் பகுதியில் போடுங்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து எடுங்கள். துடுப்பு மட்டும் வாங்கிவிடாதீர்கள், ஒன்பதடியில் ஒரு ஜோடி என்னிடம் சும்மா கிடக்கிறது.