எந்த மாதம், எத்தனை மணிக்கு?

கேள்வி: திருப்பூரில் இருக்கிறோம். மார்ச் முதல் வாரம் பாளையங்கோட்டையில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். அதோடு சேர்த்து மூன்று நாள் அந்தப் பக்கம் சுற்றலாம் என்று எண்ணம். நான், மனைவி, பன்னிரண்டு வயது மகள், முழங்கால் வலி உள்ள அம்மா. வேறு ஊரில் கிடைக்காத, கொஞ்சம் விசித்திரமான அனுபவங்களாக வேண்டும். போய் வந்தவர்களிடம் விசாரித்தால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்: இசைத்தூணைத் தட்டிப் பாருங்கள், இருட்டுக்கடை அல்வா வரிசையில் நில்லுங்கள், செம்மண் தேரிக்குப் போங்கள், மாஞ்சோலை ஏறுங்கள், குற்றாலத்தை விட்டுவிடாதீர்கள். எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது?

பதில்: உங்களுக்கு யோசனை சொன்னவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் எந்த மாதம் போனார்கள், எத்தனை மணிக்குப் போனார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். திருநெல்வேலிச் சீமையில் அதுதான் முக்கியம். காலை ஏழு மணிக்குச் சொக்க வைக்கிற இடம் பன்னிரண்டு மணிக்கு ஒன்றுமில்லாமல் போய்விடும். இனிமேல் யாராவது ஒரு இடத்தைச் சொன்னால், அங்கே என்ன இருக்கிறது என்று கேட்பதற்கு முன்னால், நீங்கள் எப்போது போனீர்கள் என்று கேளுங்கள்.

இந்தக் கணக்கில் பார்த்தால் உங்கள் பட்டியலில் இரண்டு உடனே அடிபடும். குற்றாலம் கொட்டுவது ஜூன், ஜூலை, ஆகஸ்ட் சாரல் காலத்தில். மார்ச்சில் போனால் பாறையைப் பார்த்துவிட்டு வரலாம். மாஞ்சோலை, களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. வனத்துறை அனுமதி கிடைத்தால்தான் பயணம். கையில் மூன்றே நாள் இருக்கும்போது ஒரு நாளை அதற்குப் பணயம் வைக்க வேண்டாம்.

அடுத்தது, திரும்பும் ரயில் டிக்கெட் போடும்போது பார்க்க வேண்டியது. கல்யாணம் முடிந்த மறுநாள் மதியத்தைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள். சைவ வீட்டுக் கல்யாணமாக இருந்தால் அன்றைக்குச் சொதிச் சாப்பாடு. பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடுகிற விருந்து அது. பாசிப்பருப்பு, காய்கறி, தேங்காய்ப்பால். புளி கிடையாது, இறக்கியபின் எலுமிச்சம்பழம் பிழிவார்கள். முதல் பாலைக் கடைசியில்தான் ஊற்றுவார்கள், ஊற்றியபின் கொதிக்கவிட மாட்டார்கள், கொதித்தால் திரிந்துவிடும். கூடவே இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு வறுவலும் வரும். தேங்காய்ப்பால் மந்தத்துக்கு இஞ்சிதான் மருந்து, அதை இலை ஓரத்தில் ஒதுக்கி வைத்துவிடாதீர்கள். ஓட்டல்களிலும் சொதி கிடைக்கிறது. ஆனால் கல்யாண வீட்டுப் பந்தியில் மூன்றாவது தடவை ஊற்றிக்கொள்கிற சுகம் அங்கே வராது.

சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டுவிட்டு மாலை நாலு மணிக்கு மேல் திருநெல்வேலி டவுனுக்குக் கிளம்புங்கள். நெல்லையப்பர் கோயில் மதியம் நடை சாத்தியிருக்கும், அவசரப்பட்டுப் பயனில்லை. பாளையங்கோட்டையிலிருந்து வரும்போது தாமிரபரணிமேல் ஒரு பழைய பாலத்தைக் கடப்பீர்கள். 1843இல் திறந்தது. கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக இருந்த சுலோசன முதலியார் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டியது. இன்றும் அவர் பெயர்தான் பாலத்துக்கு. ஜங்ஷனில் இன்னொரு பாலம், ரயில் தண்டவாளத்துக்கு மேலே ஈரடுக்கு மேம்பாலம். மேல்தளத்தில் பஸ்ஸும் லாரியும் ஓடும், கீழ்த்தளத்தில் சைக்கிளும் டூவீலரும் போகும். மகளைக் கீழ்த்தளத்தில் நடத்திக் கூட்டிப் போங்கள், தலைக்கு மேலே பஸ் ஓடும் அதிர்வு காலில் தெரியும்.

இசைத்தூண் விஷயத்தில் மட்டும் உங்கள் நண்பர் சொன்னதைக் கேட்காதீர்கள். தட்டக் கூடாது. கையில் இருக்கிற காசாலும் சாவியாலும் வருகிறவர்கள் எல்லாம் தட்டினால் கல் எத்தனை நாள் தாங்கும்? பார்ப்பதற்கே அதில் நிறைய இருக்கிறது. மணிமண்டபத்தில் நடுத்தூணைச் சுற்றி 48 சின்னத் தூண்கள், எல்லாம் ஒரே கல்லில் குடைந்தவை. ஒட்டு எங்கேயாவது தெரிகிறதா என்று மகளைத் தேடச் சொல்லுங்கள், அரை மணி நேரம் போய்விடும். அப்படியே தாமிர சபைக்கும் போய் மர வேலைப்பாட்டைப் பாருங்கள். நடராஜரின் ஐந்து சபைகளில் ஒன்று அது. கூட்டம் தூண்களோடு நின்றுவிடுவதால் அங்கே நிதானமாக நிற்க இடம் இருக்கும்.

இருட்டுக்கடை, கோயிலுக்கு எதிரே கீழ ரத வீதியில். மாலை ஐந்து மணி வாக்கில் திறப்பார்கள், சரக்கு தீர்ந்ததும் மூடிவிடுவார்கள். கோயிலும் கடையும் ஒரே நேரத்தில் இருப்பதால் வெளியூர்க்காரர்கள் இரண்டில் ஒன்றைக் கோட்டை விடுகிறார்கள். நீங்கள் வரிசையில் நில்லுங்கள், மற்ற மூன்று பேரும் கோயிலுக்குள் போகட்டும். திரும்பி வந்ததும் ஆளை மாற்றிக்கொண்டு நீங்கள் போய்த் தரிசனம் பண்ணலாம். வாங்கிய அல்வாவில் கொஞ்சத்தைச் சூடு ஆறுவதற்குள் அங்கேயே நின்று சாப்பிட்டுவிடுங்கள். கோதுமையை ஊறவைத்து அரைத்து, பாலெடுத்துத் தெளியவிட்டு, சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிண்டியது. சூட்டோடு இருக்கும்போது மெல்ல வேலையே இல்லை, தொண்டைக்குள் தானாக வழுக்கிப் போகும். அப்புறம் ஒரு கை மிக்சர். ஊருக்குக் கொண்டுபோகிற பொட்டலத்தை ஃபிரிஜ்ஜில் வைக்காதீர்கள், நெய் உறைந்து அல்வா கட்டியாகிவிடும்.

வெயில் ஏறுவதற்குள் குறுக்குத்துறை போய்வர ஒரு காலையை ஒதுக்குங்கள். டவுனிலிருந்து பக்கம்தான். முருகன் கோயில் ஆற்றங்கரையில் இல்லை, ஆற்றுக்குள்ளேயே பாறைமேல் இருக்கிறது. வெள்ளம் வந்தால் கோயில் முழுகிவிடும். தண்ணீர் ஏறுகிறது என்று தெரிந்ததும் உற்சவரையும் உண்டியலையும் கரையிலுள்ள மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள், வடிந்ததும் சேறு கழுவிப் பழையபடி பூசை நடக்கும். மார்ச்சில் தண்ணீர் இறங்கியிருக்கும், அம்மா சிரமமில்லாமல் உள்ளே போய்வரலாம்.

இனி, இந்தப் பயணத்தில் எதை விட்டாலும் விடக் கூடாத நாளுக்கு வருகிறேன்.

காலை ஐந்தரைக்கே கார் கிளம்பட்டும். சுமார் 35 கிலோமீட்டர் தெற்கே, மூலைக்கரைப்பட்டி தாண்டிக் கூந்தன்குளம். 1994இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள், ஆனால் இந்தப் பறவைகளுக்கும் ஊருக்கும் உள்ள உறவு அதைவிடப் பழையது. வேடந்தாங்கல் மாதிரி தூரத்தில் இருக்கிற மரங்களை பைனாகுலரில் பார்க்கிற வேலை இங்கே கிடையாது. தெருவில் நடந்தால் தலைக்கு மேலே வேப்பமரத்தில் மஞ்சள் மூக்கு நாரைக் கூடு. மரத்தடியில் ஒரு ஆச்சி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பார். கூட்டுக்குள் குஞ்சுகள் வாயைப் பிளந்து கத்துகிற சத்தத்தில் அவர் பேசுவது நமக்குக் கேட்காது. பறவை வந்து அடைந்தால் ஊருக்கு நல்லது என்று நம்புகிறவர்கள், தீபாவளிக்குக் கூட வெடி போடுவதில்லை. கூட்டிலிருந்து குஞ்சு விழுந்தால் எடுத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு உரமாகப் போகிறது.

அந்த எச்சம் உங்கள் மேலும் விழும். தொப்பியோ குடையோ இல்லாமல் மரத்தடியில் நிற்காதீர்கள், நல்ல சேலை வேண்டாம். மீன் கவிச்சியும் உண்டு, மகள் முதல் ஐந்து நிமிடம் மூக்கைப் பொத்திக்கொள்வாள். குளத்துக் கரையில் நின்றாலே கூழைக்கடா, பூநாரை கண்ணில் படும். அம்மா கண்காணிப்புக் கோபுரம் ஏற வேண்டியதில்லை. இமயத்துக்கு அப்பாலிருந்து வருகிற வரித்தலை வாத்துகள் மார்ச் முதல் வாரத்தில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கலாம், ஏப்ரல் என்றால் சொல்வதற்கில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: குளத்தில் தண்ணீர் இருந்தால்தான் இத்தனையும். மணிமுத்தாறு கால்வாய்த் தண்ணீரும் ஐப்பசி, கார்த்திகை மழையும் பொய்த்த வருஷத்தில் போய் நின்றால் வெறும் கருவேல மரம்தான் வரவேற்கும். கல்யாண வீட்டில் அந்தப் பக்கத்து ஆள் யாராவது கட்டாயம் இருப்பார், குளத்தில் தண்ணீர் கிடக்கிறதா என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து திசையன்விளை பக்கம் போகும் வழியெல்லாம் பனைமரம். ஒன்பது மணிக்குள் போனால் ரோட்டோரத்தில் பதநீர் கிடைக்கும், சீசன் அப்போதுதான் தொடங்கியிருக்கும். டம்ளரில் கேட்காதீர்கள், பட்டையில் கேளுங்கள். குருத்தோலையை விரித்து மடக்கி, நுனியை ஒரு முடிச்சில் இறுக்கி, கண்ணெதிரே குடுவையாக்கிக் கையில் தருவார்கள். இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும், ஒரு கையைப் பேச்சு வாக்கில் எடுத்தால் சட்டை நனையும். கலயத்தில் சுண்ணாம்பு தடவுவதால்தான் பதநீர் புளிக்காமல் இருக்கிறது. அடியில் வெள்ளையாகத் தங்குவது அந்தச் சுண்ணாம்பு, அதுவரை குடிக்காமல் நிறுத்திக்கொள்ளுங்கள். பதினொரு மணிக்கு மேல் விற்கிற பதநீரை நான் தொடுவதில்லை, நீங்களும் அப்படியே இருங்கள்.

உவரியில் கப்பல் மாதா கோயிலை வெளியிலிருந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். கட்டடம் கப்பல் வடிவம், மேலே ஆகாய விமானம். படம் பார்த்தால் நம்பாதவர்கள் நேரில் பார்த்தும் கொஞ்ச நேரம் நம்புவதில்லை. மதியச் சாப்பாட்டை உவரியிலோ திருச்செந்தூர் போகும் வழியிலோ முடித்துக்கொண்டு, மணப்பாட்டில் கடலோரக் குன்றின்மேல் இருக்கிற திருச்சிலுவைக் கோயிலடியில் காற்று வாங்குங்கள்.

சிவப்பு மணல்மேடுகள் கிடக்கிற தேரிக்காட்டுக்கு மாலை நாலரைக்கு முன்னால் போகவே கூடாது. உங்களுக்கு யோசனை சொன்னவர் உச்சி வெயிலில் போட்டோ எடுத்திருந்தால் படம் நன்றாக வந்திருக்கும், அவர் உள்ளங்காலைத்தான் கேட்க வேண்டும். குதிரைமொழித் தேரியில் மணல் குங்குமச் சிவப்பாகக் கிடக்கும், காற்றுக்கு மேடு இடம் மாறும். மணலில் நடப்பது முழங்காலுக்கு ஆகாது. அதனால் தேரிக்குள் இருக்கிற அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் அம்மாவை உட்கார வைத்துவிட்டு நீங்கள் மூவரும் ஏறிவிட்டு வாருங்கள். சுற்றிலும் மணல் கிடக்க, நடுவில் சுனையும் மர நிழலுமாக இருக்கும் இடம். இருட்டுவதற்குள் தார் ரோட்டுக்குத் திரும்பிவிடுங்கள். உள்ளே ஒரு மேடு மாதிரியே இன்னொரு மேடு இருக்கும், அடையாளம் வைக்க ஒன்றும் கிடைக்காது. காரையும் மணலுக்குள் இறக்காதீர்கள்.

மூன்றாம் நாள் மேற்கே போங்கள். சேரன்மகாதேவி ரோட்டில் பத்தமடை. பாய்க்கடையில் வாங்கிக்கொண்டு திரும்புவது பெரிய விஷயமில்லை, நெய்கிற வீட்டில் அனுமதி கேட்டுப் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். ஆற்றங்கரைக் கோரையை ஓடுகிற தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, நூல் மாதிரிக் கிழித்து எடுக்கிறார்கள். பிறகு நூல் பாவில் ஒவ்வோர் இழையாகக் கோத்துத் தட்டிச் சேர்க்கிறார்கள். உயர்ந்த ரகப் பாயைத் துணி போல மடிக்கலாம். மணமக்கள் பேர் போட்ட பாயும் நெய்து தருவார்கள். உங்கள் சொந்தக்காரருக்குப் பரிசாகக் கொடுக்க நினைத்தால் இப்போதே ஆளைப் பிடித்துச் சொல்லிவிடுங்கள், நல்ல பாய் நெய்ய வாரக் கணக்கில் ஆகும். மிஷின் பாயும் அதே தெருவில்தான் விற்கிறது. எது கைநெசவு என்று நேரடியாகவே கேளுங்கள், ஒளிக்காமல் சொல்வார்கள்.

நேரம் மிச்சமிருந்தால் பாபநாசம், அகஸ்தியர் அருவி. மார்ச்சிலும் தண்ணீர் விழும். அதற்கு மேலே காரையாற்றில் சொரிமுத்து அய்யனார் கோயில். அங்கே பட்டவராயன் என்கிற சாமிக்குச் செருப்புதான் காணிக்கை, தொங்குகிற செருப்புகளை உங்கள் மகள் மறக்க மாட்டாள். வனத்துறைச் சோதனைச்சாவடியில் பிளாஸ்டிக் பையைப் பிடுங்கிக்கொள்வார்கள், மாலையில் சீக்கிரம் இறங்கச் சொல்வார்கள். அதனால் பத்தமடையைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும். பழம்பொருளில் ஆர்வம் இருந்தால் மேற்குக்குப் பதிலாகக் கிழக்கே போய், கிருஷ்ணாபுரம் சிற்பங்களையும், ஆதிச்சநல்லூரில் தோண்டிய குழிக்கு மேலே கண்ணாடி போட்டு முதுமக்கள் தாழிகளைக் கிடந்தபடியே காட்டுகிற இடத்தையும் பார்க்கலாம். மகள் கூட இருப்பதால் என் ஓட்டு பத்தமடைக்குத்தான்.

இன்னொரு தடவை வருவதாக இருந்தால் புரட்டாசியிலோ ஐப்பசித் தொடக்கத்திலோ வரும் தசராவுக்கு வாருங்கள். குலசேகரப்பட்டினம் முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் காளி, குறவன், போலீஸ், குரங்கு என்று வேடம் கட்டி, வீடு வீடாகவும் கடை கடையாகவும் காணிக்கை கேட்டுவருவார்கள். திருச்செந்தூரிலும் உடன்குடியிலும் டீக்கடையில் காளி உட்கார்ந்து டீ குடிப்பதைப் பார்க்கலாம். பத்தாம் நாள் இரவு கடற்கரையில் சூரசம்ஹாரம். அந்த இரவுக்குக் காரை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டுக் கூட்டத்தோடு நடந்துதான் போக வேண்டும், அம்மாவால் ஆகாது. ஆகவே ஏழாம், எட்டாம் நாளாகப் பார்த்து வாருங்கள். வேடக் குழுக்கள் அப்போதே ரோடெல்லாம் மேளத்தோடு வந்துகொண்டிருக்கும். திருச்செந்தூரில் ரூமை மட்டும் ஒரு மாதம் முன்னதாகவே போட்டுவிடுங்கள்.